தோற்றவனுக்கும் ஒரு பரிசு

போட்டியையே மூச்சாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் பண்டைய கிரேக்கர்கள். 'அகோன்' என்று அதற்குப் பெயர். கி.மு. 776-இல் தொடங்கியதாக மரபு கூறும் ஒலிம்பிக் பந்தயங்களில் முதலில் வந்தவருக்கு மட்டுமே ஆலிவ் இலைக் கிரீடம். இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு கிடையாது. ஏதென்ஸ் நகரில் நாடகம் போடுவதுகூடப் போட்டிதான். இன்று உலகம் போற்றும் 'மீடியா' நாடகத்துடன் கி.மு. 431-இல் களம் இறங்கிய யூரிப்பிடிஸ், மூன்று கவிஞர்களில் மூன்றாவதாகத்தான் வந்தார்!

போட்டிக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதைக் கவிஞர் ஹீசியட் அன்றே சொல்லிவிட்டார். ஒன்று, அடுத்தவனைப் பார்த்து நம்மையும் உழைக்கத் தூண்டுவது. மற்றது, சண்டையை மூட்டி அழிப்பது. முதலாவது இரண்டாவதாக மாறிவிடாமல் காப்பது எப்படி? இதற்கு ஹோமரின் 'இலியத்' காவியத்தில் ஓர் அருமையான காட்சி இருக்கிறது.

காவியம் தொடங்குவதே ஒரு பரிசுத் தகராறில்தான். மாவீரன் அக்கிலீஸுக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணை, தளபதி அகமெம்னான் பறித்துக்கொள்கிறான். அந்தப் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அவமானம் தாங்காத அக்கிலீஸ் போரிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, கிரேக்க வீரர்கள் கொத்துக் கொத்தாக மடிகிறார்கள். கடைசியில் அவனது உயிர் நண்பன் பெட்ரோக்ளஸும் மாண்டுபோகிறான்.

இருபத்து மூன்றாம் காண்டத்தில், நண்பனின் நினைவாக அக்கிலீஸ் பந்தயங்கள் நடத்துகிறான். தேர்ப் பந்தயத்தில் ஐந்து பேர். மிகச் சிறந்த தேரோட்டியான யூமிலஸ் தேர் உடைந்து கடைசியில் வருகிறான். அவன்மீது இரக்கப்பட்டு இரண்டாம் பரிசான பெண் குதிரையை அவனுக்கே கொடுக்க நினைக்கிறான் அக்கிலீஸ். இரண்டாவதாக வந்த இளைஞன் அன்டிலோக்கஸ், "அது என்னுடையது, விடமாட்டேன்" என்று எழுந்து நிற்கிறான். அக்கிலீஸ் கோபப்படவில்லை, புன்னகைக்கிறான்! யூமிலஸுக்குத் தனியாக ஒரு மார்புக் கவசம் தருகிறான்.

உடனே இன்னொரு வழக்கு. அன்டிலோக்கஸ் குறுகிய பாதையில் குறுக்கே புகுந்து முந்தினான் என்று மெனலாஸ் குற்றம் சாட்டுகிறான். இளைஞன் தன் அவசரப் புத்தியை ஒப்புக்கொண்டு குதிரையை நீட்டுகிறான். மனம் இளகிய மெனலாஸ், குதிரையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். எஞ்சிய பரிசு, பந்தயத்தில் கலந்துகொள்ளாத முதியவர் நெஸ்டருக்கு!

இறுதியில் ஈட்டி எறியும் போட்டிக்கு எழுகிறான் பழைய பகையாளி அகமெம்னான். "இதில் நீங்களே சிறந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும்" என்று சொல்லி, போட்டியே இல்லாமல் பரிசை அவனுக்கு அளிக்கிறான் அக்கிலீஸ். எதிராளிக்கு ஈட்டி பரிசாகிறது. ஒருவரும் தலைகுனியவில்லை.

இதனால் போர் நின்றுவிடவில்லை. அக்கிலீஸின் துயரமும் தீரவில்லை. ஆனாலும், பரிசுக்காக ஒரு சேனையையே தவிக்கவிட்டவன், அன்று ஒரு நல்ல நடுவராக நின்றான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு நம் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிடும் வேளையில், அந்தப் புன்னகையைச் சற்று நினைத்துக்கொள்ளலாமே!