எள்ளல் இல்லாத நகை

வாளையார் தாண்டி வந்து பாலக்காட்டில் கடை வைத்த புதிது. வாடிக்கையாளர் ஒருவர், "வெள்ளம் உண்டோ?" என்று கேட்டார். "மழையே இல்லையே, வெள்ளம் எப்படி வரும்?" என்றேன். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்! கடைத்தெருவே சிரித்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதிலிருந்து கூட்டமாக யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்றே தோன்றும்.

ஆகவே, கோட்டைப் பக்கம் காலை நடைக்கு அழைத்துப்போன நண்பர், வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த இருபது பேரைக் காட்டி, "நைனாரே, நீங்களும் வாங்க" என்றபோது, "ஆளை விடுங்க சாமி" என்று திரும்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். பிறகு இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

சிரிப்பு யோகாவை மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச் 13 அன்று ஒரு பூங்காவில் ஐந்தே பேருடன் தொடங்கினார். முதலில் ஆளுக்கொரு துணுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் சரக்கு தீர்ந்தது. மிஞ்சியவை பிறரை நோகடிப்பவை. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். துணுக்கே இல்லாமல் சிரித்தால் என்ன என்று அவர் யோசித்தார். யோகா அறிந்த மனைவி மாதுரியின் துணையால் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்தது.

இங்கேதான் எனக்குத் தொல்காப்பியம் நினைவு வந்தது. மெய்ப்பாடு எட்டில் முதலாவது நகை. அது பிறக்கும் களன் நான்கில் முதலில் வைத்திருப்பது எள்ளல். இளமை, பேதைமை, மடமை எல்லாம் பிறகுதான். பிறரை எள்ளித் தான் நகுவது, பிறர் எள்ளும்போது தானும் நகுவது என்று எள்ளலை இரண்டாக்குகிறார் உரையாசிரியர் பேராசிரியர். இரண்டாவது எனக்குக் கைவரவே இல்லை. எங்கள் சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரமோ, வாய்மை காப்பவர் கோபம், பேராசை, அச்சம் இவற்றோடு பரிகாசத்தையும் விடவேண்டும் என்கிறது. கட்டாரியா விட்டதும் பரிகாசத்தைத்தான், சிரிப்பை அல்ல.

முறை எளிது. "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று தாளத்தோடு கைதட்டல். நடுநடுவே ஆழ்ந்த மூச்சு. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வணங்கிச் சிரிப்பது. நாக்கை நீட்டிச் சிங்கச் சிரிப்பு. எல்லாம் இருபது நிமிடம். முதல் இரண்டு நிமிடம் பொய்ச் சிரிப்புத்தான். எதிரே பல்லில்லாத தாத்தா நாக்கை நீட்டினால் நிஜச் சிரிப்பு வந்துவிடும். (இது எள்ளலில் சேருமா என்று கேட்காதீர்கள்!) தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் முப்பது மடங்கு சிரிக்கிறோம் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன் கணக்கிட்டார். சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தபின் வலி தாங்கும் சக்தி கூடுவதை ஆக்ஸ்போர்டு ராபின் டன்பார் குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் "சிரிச்சா சர்க்கரை போயிடும்" என்பவர்களை நம்பவேண்டாம்; என் மாத்திரை நிற்கவில்லை. குடலிறக்கம், கண் அழுத்தம், நெஞ்சு நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே சேரவேண்டும்.

எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் மலையாளிகள், பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத் தமிழர்கள். துணுக்கு என்றால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டாது. இதற்கு மொழியே வேண்டாம். குமுளி, மறையூர், மூணாறு பக்கம் இருக்கும் நம் குடும்பங்களும் செய்து பார்க்கலாம்.

அன்று வெள்ளம் கேட்டவர் இப்போது வட்டத்தில் எனக்கு எதிரேதான் நிற்கிறார். புதிதாக யார் சேர்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்ல வாயெடுப்பார். இப்போதெல்லாம் நானே முந்திக்கொள்கிறேன்.