பஸ் தரிப்பிடத்தில் ஒரு விலைப்பட்டியல்

விளைவித்தவருக்குப் பட்டணத்து விலை தெரியாது. வாங்கிச் சமைப்பவருக்குத் தோட்டத்து விலை தெரியாது. இரண்டு விலையும் தெரிந்தவர் இடையில் நிற்பவர் ஒருவர்தான். விடியமுன் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சொந்தக் காணியில் இருந்தபோதே நிலைமை இதுதான். காணியை விட்டு வந்து, பிறருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு, அரிசி முதல் உப்பு வரை கடையில் வாங்கிச் சீவிக்கும் குடும்பங்களுக்கு இது இரட்டை அடியாகிறது. விற்கும்போதும் நட்டம், வாங்கும்போதும் நட்டம்.

இந்த அடியின் வேகத்தைக் குறைக்க ஒரு மாநகரசபையும் அதே நகரத்துப் பல்கலைக்கழகமும் ஒன்றுசேர்ந்து உழைத்த வரலாற்றை இங்கு பார்ப்போம். நடந்த இடம் தென் அமெரிக்காவிலுள்ள பிறேசில். நகரத்தின் பெயர் பெலோ ஒறிசொன்ரே.

நிலம் இழந்தோர் வந்துசேர்ந்த நகரம்

பெலோ ஒறிசொன்ரே, மினாஸ் ஜெறாய்ஸ் மாநிலத்தின் தலைநகரம். திட்டமிட்டுக் கட்டப்பட்டு 1897ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட நகரம் இது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு சுமார் 20 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

பிறேசில் பரந்த நாடு. ஆனால் அதன் விளைநிலத்தின் பெரும்பகுதி மிகச் சிலரின் கைகளில் இருந்து வந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பெருந்தோட்டங்களும் உழவு இயந்திரங்களும் பெருகப் பெருக, சிறு கமக்காரரும் கூலி விவசாயிகளும் கிராமங்களைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களைத் துரத்தியது துவக்குச் சத்தமல்ல, நிலமில்லாமையும் வருமானமில்லாமையும்தான். வந்தவர்கள் குன்றுச் சரிவுகளில் கிடைத்ததைக்கொண்டு குடிசை அமைத்துக் குடியேறினர். நேற்றுவரை ஊருக்கு உணவு கொடுத்தவர்கள் இன்று உணவுக்குக் கடைவாசலில் நின்றார்கள். 1990களின் தொடக்கத்தில் இந்த நகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை பசியால் வாடியது.

இதற்குமேல் விலைவாசியின் கொடுமை வேறு. 1993ஆம் ஆண்டில் பிறேசிலில் பொருட்களின் விலை ஒரே வருடத்தில் 20 மடங்குக்கும் மேலாக ஏறியது. காலையில் ஒரு விலை, மாலையில் இன்னொரு விலை. ஒரு கடையில் ஒன்று, அடுத்த தெருவில் வேறொன்று. நியாயமான விலை எது, கொள்ளை விலை எது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

1993இல் எடுத்த தீர்மானம்

1964 முதல் 1985 வரை நீடித்த இராணுவ ஆட்சி முடிந்தபின், மக்கள் தங்கள் தேவைகளை வாய்திறந்து கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. சமூகவியலாளரான ஹேர்பேர்ட் டி சூசா பசிக்கு எதிராக நாடு தழுவிய இயக்கம் ஒன்றை 1993இல் ஆரம்பித்தார். அதே ஆண்டில் பெலோ ஒறிசொன்ரேயின் மாநகர முதல்வராகப் பதவியேற்றவர் பற்றூஸ் அனானியஸ். அவர் ஒரு சட்ட விரிவுரையாளர்.

அவருடைய நிர்வாகம் எடுத்த முதல் நிலைப்பாடு இதுதான்: உணவு ஒவ்வொரு குடிமகனின் உரிமை. ஒருவரிடம் சந்தையில் வாங்கப் பணமில்லை என்பதற்காக அவர் குடிமகன் அல்லாமற் போய்விடுவதில்லை. ஆகவே பாதை, குடிநீர், சுகாதாரம் போல உணவையும் மாநகரசபை தன் கடமையாக ஏற்கவேண்டும்.

இதற்கென 1993இல் தனியான உணவு வழங்கற் பிரிவு ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது. அதன் முதற் பொறுப்பாளரான மரியா றெஜினா நபூக்கோ, பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வுகளில் ஈடுபட்டவர். படிப்பறையில் இருந்தவர் சந்தைக்கு இறங்கினார் என்று சொல்லலாம். அதிகாரிகளுடன் தொழிற்சங்கங்கள், வியாபாரிகள், பொது அமைப்புகள், ஆய்வாளர்கள் ஆகியோரும் இருந்து பேசும் ஆலோசனைச் சபையும் ஏற்படுத்தப்பட்டது.

பல்கலைக்கழகம் என்ன செய்தது?

அந்நகரில் 1927ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் பெரிய அரச பல்கலைக்கழகம், மினாஸ் ஜெறாய்ஸ் சமஷ்டிப் பல்கலைக்கழகம். அதனோடு இணைந்த பொருளாதார ஆய்வு நிலையம் ஒன்று விலைவாசி விபரங்களைத் திரட்டிக் கணிப்பதில் அனுபவமுடையது. இத்தகைய கணிப்புகள் வழக்கமாகப் போய்ச்சேரும் இடங்கள் வங்கிகள், அமைச்சுகள், நூலகங்கள்.

மாநகரசபை கேட்டது ஒரு சின்ன உதவி. "அந்தக் கணக்கைச் சமையற்கட்டுக்கு உதவும்படி தாருங்கள்" என்பதே அதன் சாரம்.

ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டாயம் தேவைப்படும் 45 பொருட்கள் தெரிவுசெய்யப்பட்டன. உணவுப் பொருட்களோடு வீட்டுப் பாவனைப் பொருட்களும் அவற்றில் அடங்கின. நகரெங்குமுள்ள பல பெரிய கடைகளில் இவற்றின் விலைகளை ஆய்வு நிலையத்தினர் எடுத்து ஒப்பிட்டனர். எந்தக் கடையில் எது மலிவு என்பது பட்டியலாக்கப்பட்டது. பின் அந்தப் பட்டியல் பஸ் தரிப்பிடங்களில் ஒட்டப்பட்டது, பத்திரிகைகளில் வெளிவந்தது, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லப்பட்டது.

இது சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆனால் இதன் பலன் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி போன்றது. வேலைக்குப் போகும் தாய் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்திலேயே எங்கே வாங்குவது என்று தீர்மானிக்க முடிந்தது. அதே பட்டியலைக் கடைக்காரரும் பார்ப்பார். தன் கடையின் விலை ஊரறியத் தொங்கும்போது, அளவுக்கு மீறி ஏற்ற அவர் இருமுறை யோசிப்பார். பொலிஸும் இல்லை, தண்டமும் இல்லை. உண்மையை வெளிச்சத்தில் வைத்தது மட்டுமே நடந்தது.

இதில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் ஒரு வேலை இருந்தது. மாநகரசபை தானே விலை எழுதி ஒட்டியிருந்தால் அரசியல் என்பார்கள். வியாபாரிகள் ஒட்டியிருந்தால் விளம்பரம் என்பார்கள். இரண்டு பக்கமும் சாராத ஒரு நிறுவனம் எண்ணிச் சொன்னதால் அதற்கு மதிப்பு இருந்தது.

தோட்டத்திலிருந்து நேராக

விலை தெரிந்தால் மட்டும் கமக்காரருக்குப் போதாது. விற்பதற்கு இடமும் வேண்டும். மாநகரசபையிடம் பணம் குறைவு, ஆனால் சந்திகளும் பொதுவெளிகளும் தாராளமாக இருந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களின் சிறு விவசாயக் குடும்பங்களுக்கு ஆட்கள் கூடும் நல்ல இடங்களில் விற்பனை இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். "தோட்டத்திலிருந்து நேராக" என்ற பொருள்பட அத்திட்டத்துக்குப் பெயரிட்டார்கள். மாநில விவசாய விரிவாக்கச் சேவையும் இதில் ஒத்துழைத்தது.

மொத்த வியாபாரியின் கைக்கும் தரகரின் கைக்கும் போன பங்கு இப்போது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி விளைவித்தவருக்குக் கூடுதல் வருமானமாயிற்று. மறுபகுதி வாங்கியவருக்கு மலிவு விலையாயிற்று. அன்று பிடுங்கிய கீரையும் மரக்கறியும் வாடாமல் வீடு போய்ச்சேர்ந்தன.

இன்னொரு வகைக் கடைகளும் திறக்கப்பட்டன. நல்ல இடத்தை மாநகரசபை வியாபாரிக்குக் கொடுக்கும். பதிலாக அவர் சுமார் 20 அத்தியாவசியப் பொருட்களைச் சபை நிர்ணயித்த குறைந்த விலையில் விற்கவேண்டும். மற்றவற்றுக்கு அவரே விலை வைக்கலாம். அத்துடன் வார இறுதியில் வசதி குறைந்த புறநகர்ப் பகுதிகளுக்கும் தன் சரக்கைக் கொண்டுசென்று விற்கவேண்டும். சலுகைக்குக் கைம்மாறு கடமை என்ற ஒழுங்கு இது.

1994இல் "மக்கள் உணவகம்" ஒன்று திறக்கப்பட்டுப் பின் பல இடங்களுக்குப் பரவியது. 2009 அளவில் இவ்வுணவகங்கள் நாளொன்றுக்கு 12,000க்கும் மேற்பட்ட சாப்பாடுகளை மிகக் குறைந்த விலைக்கு வழங்கின. கூலியாளும் எழுதுவினைஞரும் மாணவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மேசையில் உண்டனர். வறியவர் என்று எவரும் அட்டை காட்டத் தேவையில்லை. நிவாரண வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இந்த உணவகங்களில் ஒன்றுக்கு மரியா றெஜினா நபூக்கோவின் பெயரும், இன்னொன்றுக்கு பசி ஒழிப்புக்காக உழைத்த ஆயர் மவ்றோ மொறெல்லியின் பெயரும் பின்னர் சூட்டப்பட்டன.

கண்ட பலனும் காணாத பலனும்

சுமார் பத்து ஆண்டுகளில் நகரின் சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. சுகாதார சேவைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் தாயின் தட்டிலும் பிள்ளையின் தட்டிலும் சாப்பாடு இருந்தது முக்கிய காரணம் என ஆய்ந்தவர்கள் கருதினர். இதற்கெல்லாம் சென்ற செலவு மாநகரசபையின் வரவு செலவுத் திட்டத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. 2009இல் சர்வதேச விருதொன்றும் கிடைத்தது. பற்றூஸ் அனானியஸ் 2004 முதல் 2010 வரை நாட்டின் சமூக அபிவிருத்தி அமைச்சராக இருந்தார். பாடசாலை உணவுக்கென மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் ஆகக்குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்தே வாங்கவேண்டும் என்ற சட்டமும் 2009இல் பிறேசிலில் வந்தது.

ஆனால் குறைகளையும் மறைக்கக்கூடாது. நேரடி விற்பனையில் சேர்ந்த விவசாயக் குடும்பங்கள் அந்தப் பெரிய நகரத்தின் தேவைக்கு மிகச் சொற்பம். தொலைவிலிருந்து வருவோருக்குப் போக்குவரத்துச் செலவே இலாபத்தை விழுங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, குன்றுச் சரிவில் குடியேறிய குடும்பங்களுக்கு அவர்கள் விட்டுவந்த நிலத்தை எந்த விலைப்பட்டியலும் திருப்பிக் கொடுக்கவில்லை. மலிவான உணவு நிலத்துக்கு ஈடாகாது. நிலத்துக்கான கோரிக்கை தனியாகத் தொடரவேண்டியே இருந்தது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது

முதலாவது, அறிவும் ஒரு பொதுச் சொத்து. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்திடம் மக்கள் உதவி கேட்பது பிச்சையல்ல, உரிமை. மண்ணைப் பரிசோதிக்கவும், கிணற்று நீரைச் சோதிக்கவும், விலைகளை ஒப்பிடவும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கேட்பாரில்லாமல் அந்த அறிவு அலுமாரியில் கிடக்கலாம்.

இரண்டாவது, கேட்கும் கேள்வி தெளிவாக இருக்கவேண்டும். "எங்களுக்கு உதவுங்கள்" என்றால் அறிக்கை ஒன்றுதான் வரும். "இந்த 45 பொருட்களின் விலை எங்கே மலிவு?" என்று கேட்டதால்தான் அங்கே பஸ் தரிப்பிடத்தில் பட்டியல் வந்தது.

மூன்றாவது, பெரியவர்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பக்கத்துச் சந்தைகள் மூன்றில் ஒரே நாளில் என்ன விலை போனது என்று படிக்கும் பிள்ளைகள் மூவர் எழுதிவந்தால், அதை வாசிகசாலைப் பலகையில் எழுதி வைக்கலாம். மாதம் மூன்று போனால் கையில் ஒரு கணக்கு இருக்கும். கணக்கோடு பேசுபவரை எந்த வியாபாரியும் எந்த அதிகாரியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

குழுவாகக் கலந்துரையாட

1. கடந்த போகத்தில் நீங்கள் விற்ற விலைக்கும், அதே பொருள் பட்டணத்துக் கடையில் விற்ற விலைக்கும் வித்தியாசம் எவ்வளவு? அந்த வித்தியாசம் யார் யாரிடம் போனது?

2. உங்கள் குடும்பத்துக்குக் கட்டாயம் தேவையான பொருட்களை வரிசைப்படுத்துங்கள். அவற்றில் எத்தனையை நீங்களே விளைவிக்க முடியும்?

3. பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர் உங்கள் குடியிருப்புக்கு வந்தால், அவரிடம் கேட்கக்கூடிய ஒரேயொரு கேள்வி எது?