சாப்பிட்டு எழுதுபவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

ஊர் ஊராகப் போய், நல்ல சாப்பாடு சாப்பிட்டு, அதைப் பற்றி எழுதுவதற்குச் சம்பளமும் வாங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் எமது அம்மாமார் லேசில் நம்பமாட்டார்கள். "அதுவும் ஒரு வேலையோ?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அது ஒரு வேலைதான். உலகின் பெரிய பத்திரிகைகளில் இதற்கென்றே முழுநேர எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். பயண வழிகாட்டி நூல்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் இவர்களை நம்பியே நடக்கின்றன. இன்று கைத்தொலைபேசியில் காணொளி எடுத்துப் போடும் இளைஞர்களும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

இதை ஏன் நாம் அறிய வேண்டும்? 2009இல் போர் முடிந்த பின்னர், சிறப்பாக 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின்னர், உணவையும் ஊரையும் பற்றி எழுதுவோர் எமது பகுதிகளுக்கும் வருகிறார்கள். கணவனை இழந்த, காணாமல் போன பிள்ளையைத் தேடும், தனியே குடும்பத்தைச் சுமக்கும் எத்தனையோ பெண்கள் சமையலை நம்பியே சீவிக்கிறார்கள். ஒருவர் எழுதும் நாலு வரி அவர்களுடைய அடுப்பை எரியவும் வைக்கும், அணைக்கவும் செய்யும். ஆகவே எழுத வருபவருக்கு என்ன சலுகை, என்ன கடமை என்பதை அறிந்து வைத்திருப்பது எமக்கும் அவசியம்.

யார் காசில் சாப்பாடு?

இத்தொழிலின் சலுகைகள் வெளிப்படையானவை. விமானப் பயணம், விடுதி, விருந்து, நல்ல சமையற்காரர்களின் பழக்கம் எல்லாம் தேடி வரும். ஒரு ஹோட்டல் திறக்கும்போதும், ஒரு நாடு தன் சுற்றுலாவை வளர்க்க விரும்பும்போதும் எழுத்தாளர்களைச் செலவு கொடுத்து அழைப்பது வழக்கம். இந்தச் சலுகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு.

கிரெய்க் கிளெய்போர்ன் என்பவர் 1957இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் உணவுப் பகுதி ஆசிரியரானவர். 1975இல் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு நிதி சேர்ப்பதற்காக நடந்த ஏலத்தில் 300 டொலருக்கு ஒரு பரிசை எடுத்தார். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடனட்டையை ஏற்கும் எந்த உணவகத்திலும் இருவர் சாப்பிடலாம், எவ்வளவு செலவானாலும் அந்த நிறுவனமே கட்டும் என்பதே பரிசு. அவர் தன் நண்பரான சமையற்காரருடன் பரிஸ் நகருக்குப் போனார். 31 வகை உணவுகள் வந்தன. கணக்கு 4,000 டொலர். அந்த விருந்து பற்றிய அவரது கட்டுரையைப் பத்திரிகை முதற்பக்கத்தில் வெளியிட்டது.

வாசகர்கள் கொதித்துப்போனார்கள். உலகில் இத்தனை பேர் பசியோடு கிடக்க, ஒரே இரவில் இவ்வளவு காசா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. வத்திக்கானின் பத்திரிகையும் கண்டித்தது. இத்தனைக்கும் கிளெய்போர்ன் எதையும் ஒளிக்கவில்லை. யார் காசு கட்டினார்கள் என்பதையும் எழுதியிருந்தார். பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் போதாது, தன்னைச் சுற்றி உலகம் எப்படியிருக்கிறது என்பதையும் எழுதுபவர் பார்க்க வேண்டும் என்பதையே அந்த வாசகர்கள் சொன்னார்கள் எனலாம்.

சாதாரண ஆளாகப் போய்ப் பார்ப்பது

சலுகை எவ்வளவு பெரிதோ, கட்டுப்பாடும் அவ்வளவு இறுக்கமானது. பிரான்சின் மிஷெலின் ரயர் நிறுவனம் 1900இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 1926 முதல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்து வருகிறது. அதன் பரிசோதகர்கள் தம்மை யாரென்று சொல்லாமல் போய், சாப்பிட்டு, காசும் கட்டிவிட்டே வருவார்கள். லோன்லி பிளானற் என்ற பயண வழிகாட்டி நிறுவனமும், நல்லபடி எழுதுவதற்குக் கைம்மாறாகத் தன் எழுத்தாளர்கள் எதையும் இலவசமாக வாங்குவதில்லை என்று நூல்களிலேயே அச்சிட்டது. நியூயோர்க் ரைம்ஸின் உணவக விமர்சகர்களும் பத்திரிகையின் காசில், சொல்லாமல் கொள்ளாமல், ஒரே இடத்துக்குப் பல தடவை போய்ப் பார்த்த பிறகே எழுதுவார்கள்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் தேவை என்பதை ஒரு பெண் நன்றாகவே எடுத்துக்காட்டினார். அவர் ரூத் றைஷல். 1993இல் நியூயோர்க் ரைம்ஸின் உணவக விமர்சகரானார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் உணவகங்கள் அவரது படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தன. அவரும் விடவில்லை. பொய்முடி வைத்து, பழைய உடுப்பு உடுத்தி, வேறு வேறு பெண்களாக மாறிப் போனார்.

அப்போது நியூயோர்க்கில் 'லு சிர்க்' என்ற உணவகம் பெரிய புள்ளிகள் கூடும் இடமாக இருந்தது. றைஷல் அங்கே ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் தோற்றத்தில் போனார். முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருந்தும் காக்க வைத்தார்கள். பின்னால் ஒரு மூலையில் இருத்தினார்கள். வேறொருவருக்கு வேண்டுமென்று கையிலிருந்த வைன் பட்டியலையே வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்த முறை போனபோது காத்திருந்த கூட்டத்தை விலக்கி, உபசரித்து உள்ளே அழைத்துப் போனார்கள். ஸ்பெயின் நாட்டு மன்னரே காத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் மேசை தயார் என்று முதலாளி சொன்னாராம். இனிப்பின் மேல் வைத்த பழங்கள்கூட முன்பு கிடைத்ததைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தன.

இந்த இரண்டு அனுபவங்களையும் றைஷல் 1993 ஒக்ரோபரில் ஒரே விமர்சனத்தில் அடுத்தடுத்து எழுதினார். நான்கு நட்சத்திரம் வைத்திருந்த உணவகத்துக்கு மூன்றைக் கொடுத்தார். வயதான, எளிய தோற்றமுடைய பெண்ணாகப் போகும்போதெல்லாம் யாருமே தன்னைக் கவனிக்கவில்லை என்பதைப் பின்னர் 2005இல் வெளியிட்ட நூலிலும் எழுதியிருக்கிறார்.

ஒரே கதவு இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் திறக்கும் என்பது எமக்குப் புதிய செய்தியல்ல. கந்தோர் வாசலில் கோப்புடன் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. றைஷல் செய்த பெரிய காரியம் என்னவென்றால், தனக்குக் கிடைத்த ராச உபசாரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், சாதாரணப் பெண்ணுக்குக் கிடைப்பது எதுவென்பதையும் எழுதியதுதான். தன் சொந்தக் காசைச் சேர்த்து வைத்து, வருடத்தில் ஒரு நாள் அங்கே சாப்பிடப் போகிறவளுக்கே அவர் கடமைப்பட்டிருந்தார்.

எல்லா எழுத்தாளருக்கும் பெரிய பத்திரிகையின் பணப்பலம் இராது. சிறிய சஞ்சிகைக்கு எழுதுபவர் அழைப்பின் பேரில்தான் போக வேண்டியிருக்கும். அப்படியானால் அதை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு பாராட்டுபவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும்.

உடம்பும் இதற்கு விலை கொடுக்கிறது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு இரவும் வெளியே போக வேண்டும். அதே பத்திரிகையில் 12 ஆண்டுகள் உணவக விமர்சகராக இருந்த பீற் வெல்ஸ் 2024இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார். மருத்துவப் பரிசோதனையில் கொழுப்பு, சீனி, இரத்த அழுத்தம் எல்லாம் மோசமாக இருந்தன என்று அவரே எழுதினார்.

போகக்கூடியவரும் போக முடியாதவரும்

இத்தொழிலின் மிகப் பெரிய சலுகை சாப்பாடல்ல. ஓர் இடத்துக்கு வரவும், விரும்பிய நேரம் அங்கிருந்து போகவும் முடிவதுதான். போரைக் கண்ட எமக்கு இதன் அருமை தெரியும்.

அன்ரனி போடெய்ன் நியூயோர்க்கில் சமையற்காரராக இருந்து, பின்னர் எழுத்தாளராகவும் தொலைக்காட்சிப் பயணியாகவும் மாறியவர். 2006 யூலையில் லெபனானின் தலைநகர் பெய்ரூட்டில் சாப்பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்காகப் படம்பிடிக்கப் போயிருந்தார். போய்ச் சேர்ந்த சில நாட்களில் போர் வெடித்தது, விமான நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அவரும் குழுவினரும் ஒரு ஹோட்டலில் சிக்கிக்கொண்டார்கள். சுமார் ஒரு வாரத்தின் பின் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. அவருக்கு உணவும் ஊரும் காட்டிய அந்நகர மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

படம்பிடித்ததை எறிந்துவிடாமல், நடந்ததை நடந்தபடியே அந்நிகழ்ச்சியில் காட்டினார்கள். அதன் பிறகு போடெய்னின் வேலையே மாறியது. சாப்பிட உட்காரும் மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கினார். லாவோஸ் நாட்டில் பழைய போரின் வெடிக்காத குண்டுகளால் அங்கவீனமானவர்களைத் தேடிப் போனார். 2013இல் காசாவுக்குப் போய் அங்குள்ள குடும்பங்களின் உணவைக் காட்டினார். இலங்கைக்கு முன்னர் போர்க்காலத்தில் வந்தபோது அவரால் வடக்குக்கு வர முடியவில்லை. 2017இல் ஒளிபரப்பான நிகழ்ச்சிக்காக ரயிலேறி யாழ்ப்பாணம் வந்தார். நண்டுக்கறியோடு போரைப் பற்றியும் பேசினார். 2018இல் அவர் காலமானார்.

எமது நண்டுக்கறியையும் ஒடியல் கூழையும் பற்றி யாரும் எழுதட்டும், நல்லது. ஆனால் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றதும் இந்த மண்ணின் உணவுக் கதைதான். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியை மீண்டும் காய்ச்சுகிறோம். இரண்டையும் கேட்டறிந்து எழுதுபவரே இந்த ஊருக்கு வந்து போனவர்.

எங்கள் அடுப்படிக்கு வரும்போது

வட மாகாண விவசாயத் திணைக்களம் ஆரம்பித்த 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்களே சமைத்துச் சுடச்சுடக் கொடுக்கிறார்கள். பயணக் கட்டுரைகளில் அவற்றின் பெயர் அடிக்கடி வருகிறது. வாசித்துவிட்டுத் தேடி வருபவர்களும் உண்டு. நல்ல எழுத்தால் வரும் நன்மை இது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. வீட்டில் சமைத்து விற்கும் ஓர் அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நாலு பேர் வந்தவை பிள்ளை. புட்டும் கறியும் எல்லாம் சாப்பிட்டவை, படமும் எடுத்தவை. கட்டாயம் எழுதுவம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். காசு கேக்க எனக்கு வெக்கமாப் போச்சு." அன்று அந்த நாலு சாப்பாட்டுக்கும் அவர் போட்ட அரிசியும் மீனும் கடனுக்கு வாங்கியவை. வந்தவர்கள் எழுதினார்களா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது எமது பண்பு. அதை விட வேண்டியதில்லை. ஆனால் விற்பதற்குச் சமைத்த உணவு தொழில். எழுத வந்திருக்கிறோம் என்று சொல்பவரிடம் விலையைச் சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை. உலகின் பெரிய பத்திரிகைகளே காசு கட்டித்தான் சாப்பிடுகின்றன என்று சொல்லுங்கள். எந்தப் பத்திரிகைக்கு, எப்போது வரும் என்று கேளுங்கள். படம் எடுக்க முன் உங்களிடம் கேட்க வேண்டும். உங்கள் முகமோ பிள்ளையின் முகமோ வேண்டாம் என்றால் அது உங்கள் உரிமை. சமையல் முறையை எழுதினால் உங்கள் பெயரையும் இடத்தையும் போடச் சொல்லுங்கள். பெயர் வருவது உங்களுக்குப் பாதுகாப்பில்லை என்றால் போட வேண்டாமென்று சொல்லுங்கள். போர்க்காலத்தில் பட்டதைப் பற்றிக் கேட்டால், சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லுங்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை விற்றதற்காக உங்கள் வாழ்க்கைக் கதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்களைப் பற்றி எப்போதும் வெளியிலிருந்து வருபவர்தான் எழுத வேண்டுமா? குரக்கன் புட்டின் பதம், பனங்காய்ப் பணியாரத்தின் பக்குவம், இடம்பெயர்ந்த முகாமில் நிவாரண மாவையும் பருப்பையும் வைத்துப் பிள்ளைகளின் வயிறு நிரப்பிய கெட்டித்தனம் எல்லாம் எமது பெண்களின் கைகளில்தான் இருக்கின்றன. ஒரு பழைய கொப்பியில் எழுதத் தொடங்கலாம். எழுதத் தெரியாத அம்மம்மாவின் பக்கத்தில் பள்ளிக்குப் போகும் பேத்தியை இருத்தி எழுதுவிக்கலாம். எந்த ஊரில், யாரிடம் பழகிய சமையல் என்பதையும் அந்தக் கொப்பியில் குறித்து வையுங்கள்.