நடிப்புத் தேர்வுக்கு ஒரு தனி வசனம்

சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு பையன் 'பராசக்தி' நீதிமன்ற வசனத்தை மூச்சு விடாமல் பேசினால் அரங்கம் அதிரக் கைதட்டுகிறோம். 1952-ல் வந்த படம், இன்றும் நமக்கு மனப்பாடம். அதே பையன் அதே வசனத்தை ஒரு நடிப்புத் தேர்வில் பேசினால் என்ன ஆகும்? தமிழ் தெரிந்த தேர்வாளருக்குச் சிவாஜி கணேசன் தெரிவார். தமிழ் தெரியாதவருக்கு வெறும் சத்தம் கேட்கும். இரண்டிலும் பையன் தெரியமாட்டான்.

நடிப்பைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். டில்லி பகவான்தாஸ் சாலையில், பஹாவல்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959-ல் தொடங்கப்பட்டது. அதன் மூன்றாண்டுப் படிப்பில் சேர முதலில் நடிப்புத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குச் சில நாள் பயிலரங்கு. இத்தகைய தேர்வுகளில் தனி வசனத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்கு எதை எடுப்பது என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது.

முதல் விதி, வசனத்தை முழு நாடகத்திலிருந்து எடுங்கள். விஜய் தெண்டுல்கர் மராத்தியில் எழுதிய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' நாடகத்தின் முடிவில், பேணாரே என்ற ஆசிரியை பேசும் நீண்ட வசனம் பெயர் பெற்றது. அந்தப் பக்கங்களை மட்டும் படித்தவர் அழுது தீர்ப்பார். முழுவதும் படித்தவருக்கோ, விளையாட்டாக ஆரம்பித்த பொய் விசாரணை ஒரு பெண்ணை வேட்டையாடுவதாக மாறியது தெரியும். அவள் பேசும்போது சுற்றி இருப்பவர்கள் யாரும் அதைக் கேட்பதாக இல்லை என்பதும் தெரியும். கேட்க ஆளில்லாத பேச்சு கண்ணீரோடு நின்றுவிடாது. அதில் கோபம் உண்டு, கேலி உண்டு, களைப்பும் உண்டு.

இரண்டாவது, வயதும் அனுபவமும் எட்டுகிற பாத்திரமாக இருக்கட்டும். இருபது வயதுப் பிள்ளை எண்பது வயது மன்னனாக இருமிக் காட்டத் தேவையில்லை. டில்லியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தில் ஷாஜஹான் மட்டுமல்ல, அவர் மக்களும் பேசுகிறார்கள். தந்தையிடம் மகளுக்கும் மகனுக்கும் உள்ள பாசமும் வருத்தமும் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. ந. முத்துசாமியின் நாடகங்களையும் புரட்டிப் பாருங்கள். டில்லிவாசிகள் இவற்றைத் தேட ஆர்.கே. புரத்தில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் உள்ள சாகித்திய அகாதமி நூலகத்திலும் தமிழ் நூல்கள் உண்டு. எந்த மொழியில் பேசலாம், எத்தனை நிமிடம் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி பயிற்சி. நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அப்பாவோ அம்மாவோதான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: திரும்பத் திரும்ப வாசித்தால் உங்கள் ராகத்தைப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு முறை வாசியுங்கள். பிறகு அந்தக் காட்சியைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் பேசுகிறாள், அவரிடமிருந்து என்ன வேண்டும், எந்த வரியில் மனம் மாறுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகு மனப்பாடம் செய்யட்டும். மனப்பாடம் செய்யும்போது உணர்ச்சி வேண்டாம். கடைக்குச் சாமான் பட்டியல் சொல்வதுபோல் வரிகள் சரளமாக வரவேண்டும்.

ஹிந்தி வசனமானால் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஹிந்தியின் நான்கு ககரங்களுக்கும் நம்மிடம் 'க' ஒன்றே. தாளில் அழிந்த வேறுபாடு நாக்கிலும் அழிந்துவிடும். தேவநாகரியிலேயே எழுதி, ஹிந்தி தாய்மொழியான நண்பர் ஒருவரிடம் பேசிக் காட்டுங்கள்.

தேர்வு அறையில் தேர்வாளரின் கண்ணைப் பார்த்து வசனம் பேச வேண்டாம், அவர் குறிப்பெழுதுகிறவர். அவருடைய தலைக்குச் சற்று மேலே, உங்கள் பேச்சைக் கேட்கும் பாத்திரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். "இதையே ரகசியமாகச் சொல், சிரித்துக்கொண்டே சொல்" என்று கேட்கலாம். வரியைச் சொல்லிப் பார்ப்பதை விட்டு ஏற்ற இறக்கத்தைப் பாடம் செய்தவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். அதனால் வீட்டிலேயே பாத்திரம் துலக்கிக்கொண்டும், மாடிப்படி ஏறிக்கொண்டும், பாட்டியின் காதருகே மெதுவாகவும் சொல்லிப் பழகட்டும்.

கடைசி வரி முடிந்ததும் ஒரு கணம் நின்று, பிறகு நிமிருங்கள். "சரியாக வரவில்லை, மன்னியுங்கள்" என்று தொடங்க வேண்டாம். தேறாவிட்டாலும் நஷ்டமில்லை, ஒரு நல்ல நாடகம் முழுதாகப் பிள்ளையின் கைவசம் ஆகியிருக்கும். அடுத்த ஆண்டு விழாவில் 'பராசக்தி'க்குப் பதில் அதைக் கேட்க நாங்கள் தயார்.