கோடுகளை யார் போட்டார்கள்? விமானத் தொட்டியை அளக்கும் குச்சி சொல்லும் பாடம்

மாணவர்கள் கையில் ஓர் அளவு ஜாடியைக் கொடுத்து, "இதிலுள்ள கோடுகளை யார் போட்டார்கள்? சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அளவுகோல், வெப்பநிலைமானி, தராசு எல்லாமே கோடுகளோடுதான் கடையிலிருந்து வருகின்றன. அந்தக் கோடுகள் பிறக்கும் இடத்தை மாணவர்கள் பார்த்ததில்லை.

அதைக் காட்ட ஒரு மரக்குச்சி போதும். செஸ்னா 172 போன்ற நான்கு பேர் அமரும் சிறிய விமானங்களின் விமானிகள், புறப்படும் முன் இறக்கையின் மேலுள்ள தொட்டி மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். லாரி ஓட்டுநர் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பது போலத்தான். அந்தக் குச்சியைப் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதைச் செய்யும் முறையில் எட்டு, ஒன்பதாம் வகுப்புக் கணிதமும் அறிவியலும் கைகோத்து நிற்கின்றன.

முள் இருக்கும்போது குச்சி எதற்கு?

விமானத்தில் எரிபொருள் அளவைக் காட்டும் முள் இருக்கத்தான் செய்கிறது. பழைய சிறிய விமானங்களில் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். அதற்கேற்ப முள் நகரும். ஆனால் இறக்கைத் தொட்டி அகலமானது, ஆழம் குறைந்தது. மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே பல லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். மிதவையின் கம்பி வளைந்தாலோ, மின் இணைப்பு துருப்பிடித்தாலோ முள் தவறாகக் காட்டும்.

1970களின் இறுதியில் வந்த செஸ்னா 172என் வகையை எடுத்துக்கொள்வோம். இரு தொட்டிகளிலும் சேர்த்து 43 அமெரிக்க கேலன், அதாவது ஏறக்குறைய 163 லிட்டர் பிடிக்கும். அதில் 3 கேலன், சுமார் 11 லிட்டர், கணக்கில் சேராது. அடியில் தங்கும் அந்த அளவு பறக்கும்போது என்ஜினுக்கு வந்து சேரும் என்று நம்ப முடியாது. மணிக்குச் சுமார் 30 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் பிழை என்பது 20 நிமிடப் பறத்தல். பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானத்தில், சேருமிடம் வரை தேவையானது போக மேலும் 30 நிமிடத்துக்கான எரிபொருள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆக, 10 லிட்டர் பிழை அந்தக் கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். வானத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு யாரிடமும் பெட்ரோல் கேட்க முடியாது.

குச்சி உருவாகும் விதம்

முதலில் விமானத்தைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். இரு பக்கச் சக்கரங்களிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு எரிபொருள் ஓடாதபடி வால்வைத் திருப்பிவிட்டு, தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பிறகு, கணக்கில் சேராத அந்த அடிமட்ட அளவை முதலில் ஊற்ற வேண்டும். இதுவரை குச்சியில் எந்தக் கோடும் கிடையாது.

அடுத்து, சரிபார்த்த கலனால் 10 லிட்டர் ஊற்றுவார்கள். அலை அடங்கியதும் குச்சியைச் செங்குத்தாக விட்டு, அடியைத் தொட்டதும் எடுத்து, நனைந்த இடத்தில் உடனே கோடு போடுவார்கள். விமானப் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும். தாமதித்தால் ஈரத்தின் எல்லை மறைந்துவிடும். இன்னொரு 10 லிட்டர், இன்னொரு கோடு. தொட்டி நிறையும் வரை இப்படியே. மற்ற தொட்டிக்கும் இதையே திரும்பச் செய்வார்கள்.

குச்சி மரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஈரம் மரத்தில் தெளிவாகத் தெரியும். உலோகக் கம்பியால் தீப்பொறி எழும் ஆபத்து மரத்தில் இல்லை. தொட்டிக்குள் தவறி விழாதிருக்கக் குச்சியின் தலையில் ஒரு குறுக்குக் கட்டை வைப்பார்கள். எந்த விமானத்துக்கான குச்சி என்பதையும் அதன்மேலேயே எழுதுவார்கள். வேறு விமானத்துக்கு அது உதவாது.

சமமில்லாத கோடுகள்

செய்து முடித்த குச்சியைப் பார்த்தால் கோடுகளுக்கு இடையே இடைவெளி சமமாக இருக்காது. தொட்டி செவ்வகப் பெட்டி அல்ல. இறக்கையின் வளைவுக்கேற்ப அமைந்தது. இறக்கையும் நுனி நோக்கிச் சற்றே உயர்ந்திருக்கும். அதனால் உயரம் இரு மடங்கானால் கொள்ளளவும் இரு மடங்கு ஆகும் என்று சொல்ல முடியாது. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் மட்டும் குறித்துவிட்டு, நடுவே ஸ்கேல் வைத்துச் சமமாகப் பிரித்தால் குச்சி பொய் சொல்லும். ஒவ்வொரு கோட்டையும் ஊற்றிப் பார்த்துத்தான் பெற வேண்டும்.

குச்சிக்கும் எல்லை உண்டு. பல விமானங்களில் எரிபொருள் குறையும்போது அது உடலை ஒட்டிய தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும். மூடிக்குக் கீழே குச்சி காய்ந்தே வரும். தொட்டியில் சில லிட்டர் இருக்கும். குச்சி காட்டாததை இல்லை என்றே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அளவு சரி, அலகு தவறு

கோடு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது இதற்கு விடை. ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தொட்டிகளை அளவுகோலால் அளந்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற 0.803 ஆல் பெருக்க வேண்டும், அவர்கள் 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். விடையாக வந்த 13,597 பவுண்டைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு, 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். உண்மையில் 20,000 லிட்டருக்கும் மேல் நிரப்பியிருக்க வேண்டும். 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து இரு என்ஜின்களும் நின்றன. விமானி ராபர்ட் பியர்சன் அதைச் சறுக்கி வரச் செய்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அளவுகோல் சரியாகத்தான் காட்டியது. விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைக்கிறோமே, அது எதற்காக என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. எண்களைக் கரும்பலகையில் எழுதி, பிழையை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

வகுப்பறையில்

பெட்ரோல் வேண்டாம்; தண்ணீர் போதும். பக்கங்கள் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டிலை மூடிப் படுக்கவையுங்கள். அது உருளாதபடி இரு பக்கமும் செங்கல் வைத்து, மேற்பக்கத்தில் ஒரு சிறு துளை போடுங்கள். 100 மில்லிலிட்டராக ஊற்றி, சாக்பீஸ் தேய்த்த குச்சியை விட்டு ஒவ்வொரு முறையும் கோடு போடச் சொல்லுங்கள். அடியிலும் மேலேயும் கோடுகள் விலகியும், நடுவில் நெருங்கியும் வரும். படுக்கவைத்த உருளையில் கால் பங்கு உயரத்துக்கு நீர் இருந்தால் கொள்ளளவில் எவ்வளவு என்று கேளுங்கள். 25 சதவீதம் என்பார்கள். சரியான விடை ஏறக்குறைய 20 சதவீதம்தான். பெட்ரோல் பங்குகளில் தரைக்கடியில் உள்ள தொட்டிகளும் படுத்த உருளைகளே. அதனால்தான் அங்கே டிப் ராடு காட்டும் உயரத்தை அட்டவணையில் பார்த்து லிட்டராக மாற்றுகிறார்கள்.

உயரத்தையும் கொள்ளளவையும் வரைபடத்தாளில் குறித்தால் வளைகோடு கிடைக்கும். பிறகு பாட்டிலின் ஒரு முனைக்கு அடியில் ஒரு புத்தகத்தை வைத்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். நீர் அதேதான், குச்சி வேறு அளவைச் சொல்லும். விமானத்தைச் சமதளத்தில் நிறுத்துவது ஏன் என்பது அப்போது தானாகப் புரியும்.

கடைசியாக, ஒரு குழுவின் குச்சியை வேறு வடிவப் பாட்டில் வைத்திருக்கும் குழுவிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். தவறு எங்கே என்ற வாதம் தொடங்கும். ஓர் அளவுகோல் எந்தக் கலனுக்கு, எந்த நிலையில், எந்த அலகில் செய்யப்பட்டது என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால், அந்தப் பாடவேளை பயன்பட்டுவிட்டது.