அணை கட்டின வருசத்தில் அப்பாரு

மடத்துக்குளம் பக்கம் எண்பதைத் தாண்டிய ஓர் அப்பாருவிடம் (அப்பாவின் அப்பா) வயதைக் கேட்டால் தேதி வருவதில்லை, அமராவதி அணைதான் வரும். பள்ளிச் சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. அணை வேலை நடந்தபோது தான் இடுப்பு உயரமா, தோள் உயரமா என்பதை வைத்தே அவர் கணக்குப் போடுவார்.

1950களின் பின்பாதியில், காமராஜர் முதல்வராக இருந்தபோது எழுந்த அணை அது. 90 அடி உயரம், 4 டி.எம்.சி. கொள்ளளவு. அதற்கு முன்பே கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று ஊர்ப்பெயர் தாங்கிய ராஜவாய்க்கால்கள் ஆற்றிலிருந்து பிரிந்து நெல் வயல்களை நனைத்துக்கொண்டிருந்தன. யார் வயலுக்கு எந்த ராத்திரி முறைத் தண்ணீர், மடையை மாற்றிவிட்டது யார், அதனால் எந்தப் பங்காளி எத்தனை காலம் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு அத்துப்படி. இந்தப் பக்கத்துக் குடும்ப வரலாற்றில் பாதி இந்த முறைத் தண்ணீரில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி கரும்பில். தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மடத்துக்குளத்தை ஒட்டிய கிருஷ்ணாபுரத்தில் 1960 வாக்கில் அரவையைத் தொடங்கியது. பங்குத்தொகை கட்டி உறுப்பினரான விவசாயி, ஆலையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நிமிர்ந்து நடந்த காலம் அது. வெட்டு உத்தரவு வந்தால்தான் கரும்பில் கை வைக்க முடியும். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் எடை மேடைக்கு வரிசை கட்டி நிற்கும். கரும்புப் பணத்தில் கல்யாணம் நடந்தது, கிணறு வெட்டினார்கள், பிள்ளை கல்லூரிக்குப் போனான். அந்த ஆலையின் இயந்திரங்கள் பழசாகி அண்மை ஆண்டுகளில் அரவை தடைப்பட்டது பெரியவர்களை ஏன் அவ்வளவு வருத்துகிறது என்பதைப் பேரன்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பேரன்கள் இப்போது பேப்பர் மில்லிலோ நூல் மில்லிலோ இருக்கிறார்கள், அல்லது திருப்பூரில் ஓவர்லாக், செக்கிங் என்று பனியன் கம்பெனியில். அப்பாருவின் டிரங்குப் பெட்டி வீட்டில்தான் கிடக்கிறது. கிரயப் பத்திரம், கந்தாய ரசீது, ஆலைப் பங்குப் பத்திரம், ஓரம் செல்லரித்த ஜாதக நோட்டு. திறந்து பார்த்தால் ஒன்று உறைக்கும்: பத்திரத்தில் அப்பாரு பெயர் இருக்கும், கூடவே நாற்று நட்ட அப்பத்தாவின் பெயர் இருக்காது. நிலமே இல்லாமல் கரும்பு வெட்டப் போன குடும்பங்களுக்கோ பெட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. அவர்கள் வாழ்க்கை வாய்மொழியாக மட்டுமே நிற்கிறது. முதலில் எழுதப்பட வேண்டியது அதுதான்.

உடுமலைக்குப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவி, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து அண்ணன் அரவணைப்பில் வளர்ந்தவர். ஊர் ஊராகத் தீப்பெட்டி விற்றவர். அவர் திரைப்பாட்டு எழுதிப் புகழ் பெற்றதால் அந்தத் தீப்பெட்டிக் கதை நமக்குத் தெரிகிறது. அதே தலைமுறையில் அதே பாதையில் நடந்த மற்ற பையன்களின் கதையைச் சொல்ல அவரவர் வீட்டை விட்டால் யாரும் இல்லை.

தாத்தா இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது வழக்கம். பந்தம் பிடிக்கும் பல பிள்ளைகளுக்கு அவர் எந்த வாய்க்காலில் மடை திருப்பினார், யாரிடம் கடன் வாங்கி மாடு பிடித்தார் என்பது தெரியாது. கேட்காதது பிள்ளைகளின் குற்றம் மட்டுமல்ல, உட்கார்ந்து சொல்ல வீட்டில் யாரும் நேரம் தரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள். செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தண்ணீர் முறையிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். அப்பத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அப்பாரு தவறவிடும் பெயர்களை அவர் எடுத்துக் கொடுப்பார்.