மருத்துவச்சிக்குப் பயிற்சி, தாய்க்கும் சேய்க்கும் உயிர்

1957-இல், மலாயா விடுதலை பெற்ற ஆண்டில், லட்சம் குழந்தை பிறந்தால் ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தார்கள். 2019-இல் மலேசியாவில் அது 21 அளவுக்கு இறங்கியிருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு இதில் பங்குண்டு. ஆனால் கூப்பிடு தூரத்தில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவச்சியை அமர்த்தியதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

முன்பு யார் பிரசவம் பார்த்தார்கள்?

பினாங்கில், பாலிக் புலாவ் வட்டாரத்துக் கம்பங்களில் (கிராமங்களில்) ‘பீடான் கம்போங்’ எனப்படும் மலாய் மருத்துவச்சி. செபராங் பிறைத் தோட்டங்களில் நம் மருத்துவச்சிப் பாட்டி. அனுபவமும் அன்பும் அவர்களிடம் நிறையவே இருந்தன. ஆனால் உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு கண்டாலோ அவர்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் குழந்தைக்கு ரணஜன்னி வரும்.

அரசு என்ன செய்தது?

1950-களில் ஊரகச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சுமார் 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. அவர் அங்கேயே தங்க, கிளினிக்கோடு சேர்ந்த வீடு. பினாங்குக்கு வடக்கே, கெடாவின் ஜித்ராவில் ஊரகச் சுகாதார ஊழியர்களுக்கான பயிற்சிக்கூடம் அமைந்தது. 1966-இன் மருத்துவச்சிகள் சட்டம், ஏற்கெனவே தொழிலில் இருந்த பீடான்களைப் பதிவு செய்தது. பயிற்சி இல்லாதவர் புதிதாகத் தொழிலில் இறங்குவதைத் தடுத்தது. பீடான்களை யாரும் விரட்டவில்லை. பிரசவம் பார்ப்பது அரசு மருத்துவச்சியின் வேலை. உடம்பு பிடித்துவிடுவதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் பீடானின் வேலை என்று பங்கு பிரிந்தது. ஊர் நம்பிக்கை கெடாமல் மாற்றம் வந்தது இப்படித்தான்.

தோட்டங்களில் மருத்துவம் முதலாளியின் பொறுப்பாக இருந்ததால், இந்த வசதி தோட்டத் தமிழரை மெதுவாகவே எட்டியது. அந்தத் தாமதத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குக் கருப்பையை இறுகச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். நஞ்சு விழுந்த பிறகு அடிவயிற்றில் கைவைத்து, கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உதிரம் பெருகும். உடனே நீவிவிட்டு இறுகச் செய்ய வேண்டும். குழந்தையை நன்றாகத் துடைத்து, மூச்சு வருகிறதா என்று கவனித்து, தாயின் மார்போடு அணைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும்.

தன்னால் முடியாததை அறிந்து, காலத்தோடு மேலே அனுப்புவதும் பயிற்சியின் பெரும்பகுதி. 1989-இல் வந்த வண்ணக் குறியீடு இதற்குத்தான். கர்ப்பிணியின் பதிவேட்டில் வெள்ளை ஒட்டினால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் இரண்டு நாளுக்குள் நிபுணரின் ஆலோசனை தேவை. சிவப்பு என்றால் அந்தக் கணமே மருத்துவமனை.

வீட்டுக்கு வரும் மிஸ்ஸி எதைப் பார்க்கிறார்?

பிரசவமான பின், ‘மிஸ்ஸி’ என்று நாம் அழைக்கும் கிளினிக் தாதி வீடு தேடி வருவார். தாய்க்குக் காய்ச்சல், உதிரப்போக்கு, ரத்த அழுத்தம் உண்டா என்று பார்ப்பார். குழந்தையை வெளிச்சத்தில் வைத்து, தோலை விரலால் அழுத்தி எடுத்து மஞ்சள் தெரிகிறதா என்று கவனிப்பார். முகத்தில் தொடங்கும் மஞ்சள் வயிறு, கால் என இறங்க இறங்க ஆபத்தும் கூடும். முற்றினால் மூளையைப் பாதிக்கும். வெயிலில் காட்டுவது இதற்கு வைத்தியம் ஆகாது.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால், பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்கு உடுத்தவே கூடாது. அந்த வாடையே ரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.

உலகம் இன்னும் கற்க வேண்டியது

உலகில் 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்று 2021-இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் உள்ளிட்ட அமைப்புகளின் அறிக்கை கணக்கிட்டது. அவர்களை முழுமையாகத் தயார்செய்தால் 2035-க்குள் ஆண்டுக்கு 43 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்றும் அது சொன்னது.

நம் வீட்டில் யாராவது கர்ப்பமானால், 12 வாரத்துக்குள் அருகிலுள்ள கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். எங்கே போனாலும் அந்தப் பதிவேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் என எது கண்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிஸ்ஸி வீட்டுக்கு வரும்போது சந்தேகம் எதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். பதில் சொல்லத்தான் அவர் பயிற்சி பெற்றிருக்கிறார்.